வைரஸ் மறைத்த கல்யாணப் படங்கள்

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். நான். ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள். எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்த வன்னித் தங்கச்சி. வயதான ஒரு பொலிஸ் சார்ஜன். அவரோடு வந்த இளம் பொலிஸ்காரர். வாசலில் துவக்கோடு ஒரு ஆமிக்காரர். நடுவில், பழைய படுக்கை விரிப்பில் மூட்டை கட்டிய கம்ப்யூட்டர்.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம் அது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பாதையில் உள்ளே இறங்கும் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ் ஆட்கள் இருக்கும் வீடுகளைச் சோதித்துக்கொண்டு வந்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். இடியப்பம் அவித்து டவுன் கடைகளுக்குக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். கம்ப்யூட்டர் மகளின் படிப்புக்காக வாங்கியது. ஒரு ஆபீசில் கழித்த பழசு.

எங்கள் சந்தில் அப்போது வேறு வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பிள்ளையின் சடங்குப் படம், கோயில் தேர்ப் படம், வெளிநாட்டிலிருந்து வந்த படம் என்று ஸ்டூடியோவிலும் கம்யூனிகேஷன் கடையிலும் பென் ட்ரைவில் போட்டு வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். கட்டிலில் நாலு பேர், கதிரையில் இரண்டு பேர் என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் பால் போடாத பிளேன்டி ஊற்றிக் கொடுப்பேன். அது எனக்குப் பிடித்த வேலை.

மகளுக்கு மட்டும் பயம். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பென் ட்ரைவை நீட்டினார். "முதல்ல ஸ்கேன் பண்ணிக்கிறேன் அத்தை, வைரஸ் இருந்தா புடிச்சிரும்" என்றாள் மகள்.

"ஏன், எங்க வீட்டுச் சாமான்ல பூச்சி புழுவா இருக்கு?" என்று அக்கா கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பிளேன்டியைக் குடிக்கவில்லை.

அன்றிரவு மகளிடம் சொன்னேன். "இனிமே அப்படிக் கேக்காத. வந்தவங்க செருப்பைக் கழுவிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு." அவள் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. வைரஸ் பிடிக்கும் புரோகிராமும் பழையதாகிப் போயிருந்தது. புதுப்பிக்க இன்டர்நெட் வேண்டும். எங்களிடம் இல்லை.

வன்னித் தங்கச்சி வந்தது இந்த நேரத்தில்தான். பிறந்த ஊர் வன்னியில் கிளிநொச்சி, அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளை சுவிஸுக்குப் போய்விட்டார். இவளும் போகவேண்டும். கல்யாணம் நடந்ததற்குப் படம் கேட்டிருந்தது எம்பசி. ஆல்பம் வன்னியிலேயே நின்றுவிட்டது. படங்கள் ஒரு சின்ன கார்டில் மட்டும் இருந்தன. கம்யூனிகேஷன் கடையில் அதைத் திறக்க அவளுக்குப் பயம். வன்னிக் கல்யாணம், பக்கத்துக் கதிரையில் யார் இருப்பார்களோ. அதனால் எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தாள். நேரம் வரும்போது அனுப்பலாம் என்றிருந்தாள்.

ஒருநாள் மகள் திறந்துபார்த்தபோது ஃபோல்டர்களின் மூலையில் எல்லாம் ஒரு குட்டி அம்புக்குறி இருந்தது. எதை அழுத்தினாலும் திரை வெள்ளையாக வந்து நின்றது. படம் இல்லை. மகளின் பாடங்களும் இல்லை. கார்டில் இருக்கிறதுதானே என்று அதையும் சொருகினார்கள். கார்டிலும் அதே அம்புக்குறி வந்துவிட்டது.

தங்கச்சி அழவில்லை. கார்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுத் துவைக்கப் போனாள். எம்பசி சொன்ன நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது.

டவுனில் ஒரு கடைக்காரர், எல்லாம் அழிந்திருக்கும், ஃபோமட் பண்ணினால் மிஷினாவது மிஞ்சும் என்றார். திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். த்ரீவீலில் அடிபடாமல் இருக்க ஞாயிறு காலையே மூட்டை கட்டினோம். முடிச்சுப் போட்ட கையோடு பொலிஸ் வந்தது.

பேச்சு சிங்களத்தில். தங்கச்சிக்கு அது தெரியாது. மகள்தான் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

சார்ஜன் மூட்டையைக் காலால் தொட்டார். "எங்கே கொண்டு போகப் பார்த்தீர்கள்?"

"நாளைக்குக் கடைக்குத்தான் மாத்தயா. வைரஸ். ஃபோமட் பண்ண" என்றாள் மகள்.

"ஃபோமட் என்றால்?"

"உள்ளே உள்ளது எல்லாவற்றையும் அழிப்பது, சேர்" என்றார் இளம் பொலிஸ்காரர்.

சார்ஜன் தங்கச்சியின் அடையாள அட்டையை இன்னொரு தரம் பார்த்தார். "கிளிநொச்சிக்காரி. நாளைக்கு எல்லாம் அழிக்கிறாளாம். நல்ல நேரம், நாங்கள் இன்றைக்கு வந்தோம்."

சந்து முனையில் ஜீப் நின்றது. அதில் ஏற்றினால் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம்.

இளையவர் மூட்டையை அவிழ்த்தார். வயர்களை அவரே பூட்டினார். கம்ப்யூட்டர் முக்கி முனகி எழும்பியது. அம்புக்குறிகளைப் பார்த்தார். ஒன்றையும் அழுத்தவில்லை. திரையில் கறுப்பாக ஒரு பெட்டியை வரவழைத்து அதில் ஏதோ எழுதினார். மங்கலாக ஒரு ஃபோல்டர் வந்தது. பிறகு இன்னொன்று.

"இது ஒளித்து வைத்தது" என்றார் சார்ஜன். "யார் ஒளித்தது?"

தங்கச்சி மகளைப் பார்த்தாள். "நான் ஒண்டும் ஒளிக்கேல்லை எண்டு சொல்லும் பிள்ளை. அழிஞ்சு போச்செண்டுதான் இருந்தனான்."

மகள் சொன்னாள். அப்படியே சிங்களத்தில்.

இளையவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "இவர்கள் ஒளிக்கவில்லை சேர். இந்த வைரஸின் வேலையே அதுதான். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் பொய்யான ஒன்றை வைக்கும். என் மகளின் முதல் பிறந்தநாள் படம் இப்படித்தான் போனது. உன் சிநேகிதர்களின் பென் ட்ரைவ்தான் காரணம் என்று மனைவி ஒரு மாதம் எனக்குச் சோறு போட்ட விதமே வேறு."

வாசலில் நின்ற ஆமிக்காரர் சிரித்தார். சார்ஜன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு படமாகக் காட்டச் சொன்னார்.

படம் வந்தது. மணவறை. தங்கச்சி கூறைச் சேலையில் இருந்தாள். மெலிந்த மாப்பிள்ளை. இவள் பொலிஸை மறந்துவிட்டாள். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "இது எங்கட பெரியம்மா. இது எங்கட வீட்டு முத்தம். அந்தா, மாமாக்குச் சால்வை நிக்குதில்லை." யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"மாப்பிள்ளை எங்கே?" என்று சார்ஜன் கேட்டார்.

"சுவிஸில. இந்தப் படம் இருந்தாத்தான் நானும் போகலாம் சேர்."

சந்தில் யாரோ கூப்பிட்டார்கள். சார்ஜன் வாசலுக்குப் போய் ஆமிக்காரரோடு பேசிக்கொண்டு நின்றார்.

அடுத்த படம் வந்தது. தங்கச்சி பேச்சை நிறுத்தினாள்.

மணப்பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள். சேர்ட்டுக்கு மேல் அகலமான பெல்ட். அதே முகச்சாடை. பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. இயக்கத்துப் பிள்ளை. அக்காவின் கல்யாணத்துக்கு அந்த உடுப்போடேயே வந்திருக்கிறாள்.

இளையவருக்கும் விளங்கியது. அவர் கை அசையாமல் நின்றது. நான் வாசலைப் பார்த்தேன். சார்ஜனின் முதுகு தெரிந்தது.

இளையவர் பட்டனை அழுத்தினார். அடுத்த படம். பந்தி, வாழை இலை, சோறு பரிமாறும் ஆட்கள்.

சார்ஜன் திரும்பி வந்து இன்னும் சிலதைப் பார்த்தார். "கல்யாண வீடுதான்" என்றார். அடுத்த வீட்டுக்குப் போக எழும்பினார்.

இளையவர் பிந்தி நின்றார். கார்டையும் வாங்கிச் சரிபண்ணினார். மகளிடம் வேகமாகச் சொன்னார். யார் கொண்டுவந்தாலும் முதலில் ஸ்கேன். பென் ட்ரைவ் தானாகத் திறக்க விடக்கூடாது. புரோகிராமை மாதம் ஒருமுறையாவது கடையில் புதுப்பித்து எடுத்துவர வேண்டும். முக்கியமானதை ஒரே இடத்தில் வைக்காமல் சீடியில் பதிந்து அலுமாரியில் வைக்க வேண்டும். மகள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் தங்கச்சியைப் பார்த்து உடைந்த தமிழில் சொன்னார். "நங்கி, தங்கச்சி, எம்பசிக்கு எல்லா படமும் வேணாம் தானே." பதிலுக்கு நிற்கவில்லை. நான் ஊற்றிய பிளேன்டியையும் குடிக்கவில்லை. போய்விட்டார்.

ஜீப் போகும் சத்தம் கேட்டது.

பிறகு தங்கச்சி அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். தங்கையோடு எடுத்த வேறு படம் இல்லையாம். அன்றைக்கு அரை நாள் லீவில் வந்து, சாப்பிட்டவுடன் போய்விட்டாளாம். அதற்குப் பிறகு பார்க்கவில்லையாம்.

மகள் சொன்னாள். "அக்கா, அழிக்க வேணாம். அந்த வைரஸ் மாதிரியே நாமளும் மறைச்சு வச்சிரலாம். எப்படின்னு இப்ப எனக்குத் தெரியும்."

"வேண்டாம் பிள்ளை. அடுத்த முறை வாறவர் வேறை ஆளாயிருப்பார்."

"யாரு கண்டுபுடிக்கப் போறா?"

"இது உங்கட வீடு" என்றாள் தங்கச்சி. "நான் போயிடுவன். நீங்கள் இஞ்சைதானே இருக்கப்போறியள்."

இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். என் பிள்ளையைப் பார்த்தேன். சொல்லவில்லை.

அவளே அழித்தாள். கார்டிலும் அழித்தாள். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, மாவு பிசையவா அக்கா என்று கேட்டாள். திங்கட்கிழமைக் கடைகளுக்கு மாவு பிசைந்தோம்.

அவளுக்கு விசா கிடைத்தது. இப்போது சுவிஸில் இரண்டு பிள்ளைகள். தங்கையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போன் எடுக்கும்போது நானும் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா இப்போதும் வருவார். ஸ்கேன் பண்ணித்தான் போடுவோம், கோபித்தாலும் பரவாயில்லை என்கிறேன். அவர் கோபிப்பதில்லை. கம்ப்யூட்டரைக் காப்பாற்ற வழி சொல்லித் தந்தவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, நன்றாக இருக்கட்டும். எங்களைக் காப்பாற்றத் தங்கச்சி எதைக் கொடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். வேறு யார் வீட்டுக்காக நான் அப்படிக் கொடுத்திருப்பேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அந்த ஃபோல்டரில் இருந்த படங்கள் அறுபத்து நான்கு. வைரஸ் ஒன்றையும் அழிக்கவில்லை. சீடியில் பதிந்தது அறுபத்து மூன்று.