மருதாணி வைத்த காது

இன்று அவலூர்பேட்டை போகும், கரி எரித்து ஓட்டும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தோளில் முயல் வலை, மடியில் சாக்குப் பை. பொங்கல் வேட்டை முடிந்து ஊர் திரும்புகிறவர்.

"இன்னா கெடச்சுது?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"நாள் பூரா செஞ்சிக் கோட்டை மலைய சுத்தி ஒண்ணே ஒண்ணுங்க. அதுவும் பால் வெள்ளை! பாருங்க."

பையின் வாயைத் திறந்து காட்டினார். உயிர் இல்லை. வலது காதில் மருதாணிப் பொட்டு.

தன் கைக்கு வைத்தது போக மீந்ததை அந்தக் காதில் வைத்தவள் என் மகள்.

நாங்கள் வளர்த்த முயல் தோட்டத்துக் கத்திரிச் செடியைக் கடித்துவிட்டதென்று, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கத்தினார். வேறு யாராவது வளர்ப்பார்களா என்று நான் ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை. முயலுக்கு மலைதானே சொந்த ஊர் என்று போன வாரம் கோட்டை அடிவாரத்தில் விட்டுவிட்டு, புண்ணியம் செய்தவன் போல நடந்து வந்தேன். மகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

"வலையே விரிக்கலைங்க" என்றார் அவர். "மத்த முயலெல்லாம் ஆளக் கண்டா பறக்கும். இது நேரா வந்து என் கைய மோந்து பாத்துச்சு. இன்னா முயலோ!"

எங்கள் வீட்டில் யார் கை நீட்டினாலும் அதில் கீரை இருக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நண்பர்களே, உங்களில் யாருக்காவது வளர்த்த முயலை வைத்துக்கொள்ள முடியாமல் போனால், மலையில் விடாதீர்கள். எனக்கு ஒரு கார்டு போடுங்கள். கூண்டு காலியாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை வீட்டுக்காரரிடம் நானே சண்டை போட்டுக்கொள்கிறேன்.