இரண்டு கல் கிடந்த படை

நெய்யாற்றின்கரையில் பாதிப்பேருடைய பல்வரிசை ஆன்சனுக்குத் தெரியும். முகம் தெரியாது. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்கிற லேபில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. பஸ்ஸில் எதிரே இருப்பவர் பெரிதாகக் கொட்டாவி விட்டால், ‘ஓ, இவரா’ என்று நினைத்துக்கொள்வார். நினைப்பதோடு சரி. பேசமாட்டார்.

பேசாததற்குக் காரணம் தேடி ஊர் அலுத்துப்போயிற்று. வீட்டில் துக்கம் இல்லை. குடி இல்லை. மனைவி ப்ளோரன்ஸ் குவைத்தில் நர்சாக நல்லபடி இருக்கிறாள். கோட்டுகால் பக்கம் வள்ளம் வைத்திருந்த குடும்பம். அண்ணன்மார் கடலுக்குப் போனார்கள், இவர் பல்லுக்கு வந்து செங்கலில் வீடு கட்டினார். சந்தோஷமோ வருத்தமோ வந்தால் அவருக்கு அது மரப்பு ஊசி போட்ட கடைவாய்ப்பல் மாதிரி. இருப்பது தெரியும்; கடித்தால் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உதியன்குளங்கரையில் சிபியின் போட்டோ ஸ்டூடியோ மாடிக்குப் போவார். அங்கே போர் நடக்கும். விரலில் பாதி உயரம்கூட இல்லாத சிப்பாய் பொம்மைகளுக்குச் சாயம் பூசி, படை படையாக மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்துகிற ஆட்டம். வளர்ந்தவர்கள் ஆடுவது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ப்ளோரன்ஸ் இன்றுவரை அதை நம்பவில்லை.

இந்த ஆட்டத்தில் எந்தப் படை களைத்தது, எதற்கு வெடிமருந்து தீர்ந்தது என்று நினைவில் வைக்கப் பக்கத்தில் ஓர் அடையாளம் போடவேண்டும். மற்ற ஊர்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் வளையம் போடுகிறார்கள். ஆன்சனுக்கு அது ஆகாது. ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்றில் குளச்சலில் டச்சுக்காரனைத் திருவிதாங்கூர் தோற்கடித்தபோது பிளாஸ்டிக் வளையமா கிடந்தது? அதனால் மருந்து தீர்ந்த படைக்கு அருகில் கவிழ்ந்த பீப்பாய் வைத்தார். பின்வாங்கும் படைக்குப் புறங்காட்டி ஓடும் நாய். பொய்ப்பல் மெழுகில் செய்த அந்த நாய்க்கு வாலில் ஒரு வளைவுகூட உண்டு. களைத்த படைக்குக் கல். ஒரு கல் என்றால் களைப்பு, இரண்டு என்றால் முன்னேறக் கூடாது, மூன்று என்றால் ஓட்டம்.

மேசையின் கரைப்பகுதிக்கு வெள்ளை மணல் ஒட்டியிருந்தார். மீதி முழுக்க செங்கல் வீட்டு முற்றத்துச் செம்மண். களைப்புக் கற்களையும் அதே முற்றத்திலிருந்துதான் பொறுக்கினார். செம்மண்ணில் செங்கல்துகள். சிபி எடுத்த படங்களில் விளையாட்டு என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. எங்கெங்கோ இருந்து லைக் வந்து விழும். ஆடுகிறவர்களுக்கும் ஒரு தடயமும் இருக்காது என்பதை யாரும் லைக் போடுமுன் யோசிக்கவில்லை.

இந்த ஞாயிறு அவரோடு மகள் ஆனும் வந்தாள். ஆட்டம் பார்க்க அல்ல. அவளுக்கு ஜெர்மனியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அப்பன் கையெழுத்து வேண்டும் என்று ஜெர்மனிக்காரன் கேட்கவில்லை. ஆள் அனுப்புகிற நெய்யாற்றின்கரை ஏஜென்சி கேட்டது. திங்கட்கிழமை கடைசி நாள். ப்ளோரன்ஸ் போனில் “பப்பா சொன்னா போ” என்று கழன்றுகொண்டாள். ஆன் போய்விட்டால் செங்கல் வீட்டில் ஆன்சனும் ஒரு ஃபிரிட்ஜும் மிச்சம். மூன்று வாரமாக அவள் கேட்கிறாள். மூன்று வாரமாக அவர் “ம்” என்கிறார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆட்களை உட்காரவைக்கிற ஸ்டூலில் போய் ஆன் உட்கார்ந்தாள்.

அன்றும் குளச்சல் போர்தான். டச்சுப் படை ஜெயதாஸுக்கு, திருவிதாங்கூர் ஆன்சனுக்கு. விபத்தான வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் சர்வே எடுக்கிறவர், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறவர். அவர் தன் மூன்றாவது படையை டேப் வைத்து அளந்து முன்னே தள்ளி, ஆன்சனின் பீரங்கி மேட்டில் ஏற்றினார். பகடை ஆறும் ஐந்தும் விழுந்தது.

“தீந்து மக்கா! குளச்சல் எங்களுக்காக்கும். சரித்திரத்த மாத்தி எழுதிக்கோ!”

ஆன்சன் தன் பீரங்கிக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

“அங்கிள், அந்தப் படை முன்னால வரப்படாது” என்றாள் ஆன். வீட்டு முற்றத்தில் அந்தக் கற்களைப் பொறுக்குவதைப் பார்த்தவள். “அது நின்ன எடத்துல ரெண்டு கல்லு கெடக்குது.”

“எங்க?”

ஜெயதாஸ் போன் டார்ச்சை அடித்துக் குனிந்தார். சிபியும் குனிந்தான். மூக்கு மேசையில் இடிக்கிற அளவுக்குப் போனபிறகு இரண்டு துகள் தெரிந்தன.

“எலே ஆன்சா, இது கல்லா? எனக்க வீட்டு அரிசியில இதவிடப் பெருசு கெடக்கும்லே! நீ பாத்தியா, இல்லியா?” என்றார் ஜெயதாஸ்.

“பாத்தேன்.”

“பின்னே என்னத்துக்குச் சொல்லல்ல? பீரங்கி போவுது, நீ பெட்டியில எடுத்து வைக்குத!”

“கல்லு கெடக்குல்லா” என்றார் ஆன்சன்.

சிபி வாயைப் பொத்திக்கொண்டான். ஆன் சிரிக்கவில்லை.

“வீட்டுலயும் இப்பிடித்தான் அங்கிள். ஜெர்மனிக்குப் போகட்டான்னு கேட்டு மூணு ஆழ்ச்ச ஆச்சு. புதனாழ்ச்ச மேசையில கெடந்த எனக்க பாஸ்போர்ட்ட எடுத்து ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்காரு. அதுக்கு என்ன அர்த்தம்? சம்மதமா, சம்மதம் இல்லியா, மேசைய தொடச்சதா?”

ஆன்சன் நிமிர்ந்தார். அன்று அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம் வந்தது. அதன் விளிம்பாவது தட்டுப்பட்டது. மேசையில் தண்ணீர் சிந்தும். பாஸ்போர்ட் நனைந்தால் பிள்ளை எப்படிப் போவாள்? அதற்காகத்தான் உயரத்தில் வைத்தார். புதன்கிழமையே தெளிவாகப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

“நான் சொல்லியாச்சே” என்றார்.

“யாருகிட்ட? ஃபிரிட்ஜ்கிட்டயா?”

“ஆன்சா, வாயால சொல்லுலே” என்றார் ஜெயதாஸ். “நான் சாட்சி. எழுதி ஒப்பு போட்டுத் தாறேன்.”

கீழே தமிழ்நாட்டு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போய் முடிந்தது. ஆன்சன் கையிலிருந்த பீரங்கிக்காரனைப் பெட்டியில் படுக்கவைத்தார். மூடினார். திறந்தார்.

“போணும்” என்றார். “நீ போணும் மக்கா. நாளைக்கு நான் வாறேன், கையெழுத்துப் போட.”

இத்தனை சொற்களை அவர் ஒரே மூச்சில் சொல்லி சிபி கேட்டதில்லை. ஆன் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளா என்று பார்க்கும் நாகரிகக்கேடு அங்கே யாருக்கும் இல்லை. ஜெயதாஸ் தன் மூன்றாவது படையைப் பின்னுக்கு இழுத்து, “அப்ப பீரங்கிய திருப்பி மேசையில எடுத்து வைலே” என்றார்.

மறுநாள் ஏஜென்சியில் இரண்டு இடத்தில் கையெழுத்து. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் கட்டுப்பல். இவருடைய லேபில் செய்தவை. ஆன்சன் அதைச் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். ஆன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. நேராகவே கேட்டுவிட்டாள்.

“நான் போறதுல பப்பாக்கு சங்கடம் உண்டா?”

அவர் யோசித்தார். ஒரு பாறசாலை பஸ் வந்து, ஆள் ஏற்றி, போனது.

“உண்டாயிருக்கும்” என்றார்.