யோசெப்புக்கு அடிக்காத மணி

பிரெஞ்சு பேசும் நகரத்து வில்லரேப் பகுதியில் அஞ்சலீனா குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் சமையலறை யன்னலைத் திறந்தால் இரண்டு கோபுரங்கள் தெரியும். ஒன்று பங்குக் கோயிலுடையது. மற்றது வீதிக்கு அந்தப் பக்கம், பழைய தீயணைப்பு நிலையத்தின் மேல் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம். மத்தியானம் கோயில் மணி திருந்தாதிச் செபத்துக்கு அடித்து ஓய்ந்த பிறகுதான் மணிக்கூடு மெல்ல விழித்துக்கொண்டு தன் பன்னிரண்டைச் சொல்லும்.

"அது நகரசபை மணிக்கூடு, எப்பவும் வேலைக்குப் பிந்தித்தான் வரும்" என்று அவளுடைய புருசன் யோசெப் பகிடி விடுவார்.

யோசெப்புக்கு புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. விடிய வீட்டுக்கு வந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டுப் படுப்பார். ஒரு குளிர்காலம் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, கடவுள் கிருபையால் எழும்பினார். நித்திரைதான் இவருக்கு முதல் மருந்து என்று டொக்டர் சொன்னதை அஞ்சலீனா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். போனைத் தலையணைக்கு அடியில் புதைத்தாள். கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம், படியில் ஓடாதீர்கள் என்று கெஞ்சினாள். மணியைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. மத்தியானம் அது அடித்ததும் உள்ளே கட்டில் கிறீச்சிடும். அவர் புரண்டு படுப்பது கேட்கும்.

அந்தக் கோடையில் கோயிலுக்குப் பின்னால் புதுக் கொண்டோ மாடிக்கட்டிடம் ஒன்று எழும்பியது. அதில் குடிவந்த சிலர் மணிச்சத்தம் தாங்க முடியவில்லை என்று பாதரிடம் முறைப்பட்டார்கள். பாதருக்கு நிறுத்த மனமில்லை. ஒருநாள் காலைப் பூசை முடிந்து, அஞ்சலீனா மெழுகுதிரித் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்தார்.

"மதாம், நீங்கள் நாள் தவறாமல் பூசைக்கு வருகிறவர். வீடும் மணிக்குப் பக்கத்தில்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அவளிடம் இருந்த பிரெஞ்சு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் கூட்டி அள்ளி, புருசன் வருத்தக்காரர், பகலில் படுக்கிறவர், மணி நின்றால் நல்லது என்று சொன்னாள்.

"நீங்களே இப்படிச் சொன்னால்..." என்று பாதர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை மணி நின்றது. மத்தியானம் அடுப்படியில் நின்று அவள் காது கொடுத்தாள். மணிக்கூடு மட்டும் தன் மெல்லிய குரலில் அடித்து அடங்கியது. கட்டில் சத்தம் இல்லை. மாதாவுக்கு நன்றி சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து யோசெப் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"என்னப்பா, இப்ப திருந்தாதி மணி கேக்கிறேல்லை?"

"ஏதோ பழுதாம்."

"அருமையான மணியப்பா அது. நான் முழிச்சு ஒரு சிலுவையைப் போட்டு, ரெண்டு சொல்லுச் செபிச்சிட்டுத் திரும்பிப் படுப்பன். அதுக்குப் பிறகு வாற நித்திரைதான் நித்திரை. ஆரோ வந்து போர்வையை இழுத்து மூடிவிட்ட மாதிரி."

அஞ்சலீனா கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப உங்களுக்கு அது இடைஞ்சல் இல்லையோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? கோயில் மணி ஆருக்காவது இடைஞ்சலோ? நான் செத்தால் அந்த மணிதான் எனக்குத் துக்கமணி அடிக்கோணும். ஊரிலை அப்புவுக்கு அடிச்ச மாதிரி. பெட்டி வாசலாலை வெளிக்கிட்டு வாகனத்திலை ஏறுமட்டும் நிப்பாட்டக் கூடாது. பாதரிட்டைச் சொல்லிப்போடும்."

"வாயைக் கழுவுங்கோ!"

அன்றைக்கே போயிருக்கலாம். தெரியாமல் சொல்லிவிட்டேன், மணியை அடிக்க விடுங்கள் என்று பாதரிடம் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. நத்தார் முடியட்டும் என்று நினைத்தாள். பிறகு, உயிர்த்த திருநாள் கழியட்டும் என்று நினைத்தாள். யோசெப்பிடம் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அவர் இடைக்கிடை யன்னலடியில் நின்று, "இன்னும் திருத்தேல்லையோ? என்னைக் கூப்பிட்டிருந்தால் ஒரு பின்னேரத்திலை திருத்திக் குடுத்திருப்பன்" என்பார். அவள் கறிக்கு உப்புப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

மரித்த விசுவாசிகளுக்காக மன்றாடும் நவம்பர் மாதத்தில் யோசெப் போனார். வேலைக்குப் புறப்படச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அஞ்சலீனா முதலில் பாதரிடம் கேட்டது துக்கமணியைத்தான்.

"மணியடிக்கும் மோட்டரை அப்போதே கழற்றிவிட்டோம், மதாம். கோபுரத்தில் கல்லும் இளகிக் கிடக்கிறது. ஆள் ஏற அனுமதி இல்லை. மன்னியுங்கள்."

"பாதர், நிப்பாட்டச் சொன்னது நான்."

பாதர் அவளை வியப்போடு பார்த்தார். "நீங்களா? எனக்கு நினைவில்லையே. பலரும் சொன்னார்கள்."

அவர் ஏசியிருந்தால் அவளுக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். தன் சொல்லால்தான் மணி நின்றதா, அவள் வாயைத் திறக்காவிட்டாலும் நின்றிருக்குமா என்று இனி அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

அடக்கப் பூசைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் வேறு பங்குகளைச் சேர்ந்தவர்கள். இந்தக் கோயிலில் மணி இல்லாதது அவர்களுக்குத் தெரியாது. யோசெப்போடு வேலை செய்த டனிஸ்ரனும் வேறு மூன்று பேரும் பெட்டியைத் தோளில் ஏற்றி வாசலுக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து வீதிக்கு அந்தப் பக்கத்து மணிக்கூடு பதினொன்றை அடிக்கத் தொடங்கியது. அன்றைக்கும் பிந்தித்தான் தொடங்கியது.

படியில் நின்ற ஆம்பிளைகள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவை போட்டார்கள்.

"அக்கா, அண்ணைக்கு மணி அடிக்கிறாங்கள். கேக்குதோ?" என்றான் டனிஸ்ரன்.

"ஓம் தம்பி" என்றாள் அஞ்சலீனா.

பெட்டி கடைசிப் படியில் இறங்கும்போது சத்தம் நின்றது. வாகனம் இன்னும் சற்றுத் தள்ளி நின்றது. தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மணி இல்லாமல் பெட்டியை எடுத்துச் செல்வது அவர்களுக்கு வழக்கமில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ, திரும்ப அடிப்பாங்கள்" என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

எல்லாரும் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அஞ்சலீனா பார்க்கவில்லை. பெட்டியின் பக்கம் போய் அதன்மேல் கையை வைத்தாள்.

"தூக்குங்கோ தம்பி" என்றாள். "இனி அடியாது."