பௌர்ணமி கழிந்த எட்டாம் நாள்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் சாக்கு விரித்து இளநீர் விற்றவன் நான். இன்று அதே இடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் மெஸ் என்னுடையது. வேங்கிக்காலில் பன்னிரண்டு அறை லாட்ஜ் என்னுடையது. மெஸ்ஸுக்குப் பின்னால் மார்பிள் தரை போட்ட மாடி வீடும் என்னுடையது. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன், இரண்டு பேரும் டிகிரி. நான் படித்தது நாலாம் வகுப்பு. எந்த வங்கிக்காரரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. எந்தச் சொந்தக்காரனும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை. கிணறு வெட்டினால் பாறைதான் வரும் என்றார்கள். வெட்டினேன், தண்ணீர் வந்தது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதுதானே.

ஆனால் அடியார்களே, இவ்வளவு கட்டியவனால் கட்டின பெண்டாட்டியின் வாயில் ஒரு கவளம் சோறு வைக்க முடியாமல் போனது. நம்ம கிரிவல அடியார் குழுவின் ஆண்டு மலரில் எழுதச் சொன்னபோது இதைத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

என் சம்சாரம் பெயர் தனம். முப்பது வருஷம் அந்த மெஸ்ஸின் அடுப்படி அவளுடையது. என்னைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாளும் பொழுது விடிந்ததில்லை. போன வருஷம் சித்திரையில் புது வீட்டுக்குக் குடி வந்தோம். "இனிமே நீ அடுப்புகிட்டயே போகக் கூடாது. ராணி மாதிரி உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். ஆடி பிறந்தபோது எழுந்திருக்கவில்லை.

தலை சீவமாட்டாள். டிவி ஓடும், பார்க்கமாட்டாள். ராத்திரி முழுக்க விழித்திருப்பாள். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுவாள். அந்த வாய் நின்றுபோனது. மந்திரித்தேன், தாயத்து கட்டினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தேன், தலையை ஸ்கேன் எடுத்தேன். எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"நார்மல்னு போட்டிருக்கு பாரு. அப்புறம் இன்னாதான் உனக்கு?" என்று கத்தினேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. யார் கேட்டாலும் "சுகர் ஜாஸ்தி" என்று சொல்லி வைத்தேன். பெற்ற பெண்களிடமும் அதேதான். மனசு சரியில்லை என்று சொன்னால் ஊர் என்ன பேசும்?

ஒரு நாள் மத்தியானம் அவளாக வாயைத் திறந்தாள். "நான் இல்லாம போனா உங்களுக்கு ஒரு பாரம் கம்மிங்க." கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பக்கத்து வீட்டு அம்மாவை அவளோடு உட்கார வைத்துவிட்டு அடி அண்ணாமலை கோயிலுக்கு ஓடினேன். எப்போது சாமி முன்னால் நின்றாலும் நான் சாதித்ததைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டியதைக் கேட்பேன். அன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "எனக்குத் தெரியலப்பா. யாரையாவது அனுப்பு" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அனுப்பினார். அந்த மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் தோளில் பையோடு ஒரு பெண் மெஸ்ஸுக்கு வந்தாள். பெயர் மஞ்சுளா. போளூர் பக்கம் கடலை போடும் விவசாயி வீட்டுப் பிள்ளை, மனோதத்துவம் படித்தவள். மனச்சோர்வு வந்தவர்களை வெளியூருக்கு அலையவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குணப்படுத்த முடியுமா என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, அதில் வேலை செய்கிறேன் என்றாள். கேள்வித்தாளை எடுத்தாள்.

"ஐயா, போன ரெண்டு வாரத்துல தூக்கம் சரியா இருந்துச்சுங்களா?"

"நேத்து பௌர்ணமி. இங்க எவம்மா தூங்கினான்?"

"பசி எடுத்துச்சுங்களா?"

"சாப்பிட நேரம் இருந்தாதானே பசிக்கும்."

"உடம்பு அசதி?"

"கால் வீங்கிக் கெடக்குது, நீயே பாரு."

எல்லாவற்றுக்கும் டிக் போட்டாள். எதிலும் ஆசையில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதா என்று கடைசியாகக் கேட்டாள். "எனக்கில்ல. எங்க வூட்ல" என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் உண்மையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுகாதார நிலையத்து டாக்டர் தனத்தைப் பார்த்தார், மாத்திரை கொடுத்தார். மஞ்சுளா வியாழக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்தாள். முதல் நாலு வியாழன் தனம் சுவரைத்தான் பார்த்தாள். ஐந்தாவது வியாழன், "காபி குடிக்கிறியாமா?" என்றாள். நான் பக்கத்து அறையில் நின்று அழுதேன்.

மஞ்சுளாதான் ஒரு நாள் என்னைக் கேட்டாள். "அம்மா முன்னாடி நாள் பூரா இன்னா செய்வாங்க ஐயா?" இட்லி வேகவைப்பாள், ஆட்களை அதட்டுவாள், பாதையில் போகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்பாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ராணி மாதிரி உட்காரு என்று சொல்லி அத்தனையையும் பிடுங்கிக்கொண்டவன் நான்தான்.

மாசி மாதம் ஒரு வியாழன் மஞ்சுளா முகம் வாடி வந்தாள்.

"பங்குனியோட நிதி முடியுதுங்க ஐயா. அடுத்த கட்டத்துக்குக் கேட்டிருக்கோம். ஆனா நிதி குடுக்கறவங்களுக்கு சந்தேகம். இந்த ஒரு ஊர்ல மட்டும் பாதி ஜனத்துக்கு மேல மனச்சோர்வுனு கணக்கு வருது, அது எப்படினு கேக்கறாங்க. அடுத்த வாரம் ஒரு குழு நேர்ல வருது. அவங்க ஒத்துக்கலேன்னா எல்லாம் நின்னுடும். நான் டாக்டர் பட்டத்துக்குச் சேரப் போறதும் இந்த நிதியை நம்பித்தான். எங்கப்பா இப்பவே பேங்க் பரீட்சை எழுதுன்றாரு."

"அப்போ வியாழக்கிழமை?" என்று கேட்டேன். அவள் கேள்வித்தாள்களைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

"உன் சம்பளத்த நான் தர்றேம்மா."

"என் ஒருத்தி சம்பளம் இல்லீங்க ஐயா. டாக்டர் மேற்பார்வை, பயிற்சி, இன்னும் எத்தனையோ வீடு. லாட்ஜ் மாதிரி ஒருத்தரே கட்ட முடியாதுங்க."

என் வாழ்க்கையில் என்னால் கட்ட முடியாது என்று ஒருவர் சொல்லி, அது உண்மையாகவும் இருந்தது அன்றைக்குத்தான்.

மாசிப் பௌர்ணமிக்கு வலிக்கிற இந்த முழங்காலை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு மலை சுற்றினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடியும் கோயிலுக்குப் போனேன். "அந்தப் பொண்ணு வர்றது நிக்கக் கூடாதுப்பா" என்று மட்டும் சொன்னேன். பேரம் பேசவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடி நிமிர்ந்தேன். தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. பூக்காரம்மா கூடைமேல் சாய்ந்து தூங்குகிறாள். ஆட்டோக்காரர் வண்டிக்குள் காலை நீட்டித் தூங்குகிறார். டீ மாஸ்டர் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குந்தியபடியே தூங்குகிறார்.

பொட்டில் அடித்தமாதிரி இருந்தது. பௌர்ணமிக்கு முன்னால் எங்கள் ஜனம் கடை ஏற்பாட்டில் அலையும், கையில் கிடைக்காது. பௌர்ணமி ராத்திரி விடிய விடிய வியாபாரம், மறுநாள் எல்லாரும் வீட்டிலும் கடையிலும் விழுந்து கிடப்பார்கள். மஞ்சுளாவும் கூட வருகிறவர்களும் ஒவ்வொரு மாதமும் அந்த நாளாகப் பார்த்துத்தான் வந்து கேட்டார்கள்! தூங்கினாயா, பசித்ததா, அசதியா என்று!

வீட்டுக்குப் போய் தனத்திடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகத் திரும்பினாள்.

"இத்தன மாசமா அந்தப் பொண்ணு பௌர்ணமி கழிச்சேதான் வந்துச்சு. கல்லாவுல உக்காந்துகினு உங்க கண்ணு எங்க போச்சு? காசு எண்ணப் போச்சா?"

திட்டினாள். அண்ணாமலையாரே, அவள் என்னைத் திட்டினாள்! நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாத்துக்கு அழுவறீங்க? எட்டாம் நாள் போவச் சொல்லுங்க. சாயந்தரம் மாட்டுக்குத் தண்ணி காட்டற நேரம். அப்பதான் ஜனம் வூட்லயும் இருக்கும், மனுஷங்களாவும் இருக்கும்."

நிதிக் குழு வந்த அன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே மூன்று பேர், நடுவில் சென்னையிலிருந்து வந்த டாக்டர் அம்மா.

"நீங்க யாருங்க?"

"அடி அண்ணாமலையில ஏழுமலைனு கேளுங்கம்மா, கல்லுகூடச் சொல்லும்."

விஷயத்தைச் சொன்னேன். "பௌர்ணமிக்கு மறுநாள் எங்க ஊர் மாட்டைக் கேட்டாகூட அசதினுதான்மா சொல்லும்."

"ரெண்டு வாரத்துக்குச் சேர்த்துத்தானே கேக்கறோம்?"

"நீங்க ரெண்டு வாரம்னு கேப்பீங்க. ஜனம் நேத்து பட்டதத்தான் சொல்லும். எட்டாம் நாள் வந்து கேளுங்க."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மஞ்சுளாவைப் பார்த்தார். அவள் தேதிகளைப் புரட்டிப் பார்த்து, "ஆமாங்க மேடம்" என்றாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இதுல உங்களுக்கு என்னங்க அவ்வளவு அக்கறை?"

கதவு திறந்திருந்தது. வெளியே மாத்திரைக்கு நின்ற ஊர்ஜனம், நர்சம்மா, என் மெஸ்ஸுக்குக் காய்கறி போடுகிறவர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகர் என்று சொல்லிப் பழகிய வாய் இது. மனதுக்குள் "அண்ணாமலையாரே" என்றேன்.

"என் சம்சாரத்துக்கு மனசு சரியில்லைங்கம்மா. சாவறேன்ற வரைக்கும் போயிட்டா. இந்தப் பொண்ணுதான் திருப்பிக் கூட்டினு வந்தா. இன்னும் பாதி வழிதான் வந்திருக்கா. இப்ப இவ நின்னுட்டா எனக்கு வேற வழி தெரியாது."

காய்கறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவரே எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பங்குனிப் பௌர்ணமி கழிந்து எட்டாம் நாள் சாயந்தரம் மறுபடியும் வீடு வீடாகக் கேட்டார்கள். கணக்கு வெகுவாகக் குறைந்தது. பட்டியலில் மிஞ்சியவர்கள் நிஜமாகவே துன்பப்படுகிறவர்கள். என்னோடு தினம் டீ குடிக்கிறவர்களில் இரண்டு பேர், தாங்களும் அதில் உண்டு என்று அவர்களாகவே என்னிடம் வந்து சொன்னார்கள். வைகாசியில் கடிதம் வந்தது. மூன்று வருஷத்துக்கு நிதி. மஞ்சுளா டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அவள் அப்பா பேங்க் பரீட்சைப் பேச்சையே விட்டுவிட்டார். தனம் காலையில் இரண்டு மணி நேரம் மெஸ்ஸுக்கு வருகிறாள். வந்ததும் முதல் வேலை, தோசைக்கல்லைக் காட்டி என்னைத் திட்டுவது.

அடியார்களே, உங்கள் வீட்டில் யாராவது பேச்சை நிறுத்தியிருந்தால் சுகர் என்று சொல்லாதீர்கள். சாமியிடம் ஒரு சொல், சுகாதார நிலையத்தில் ஒரு சொல், இரண்டையும் சொல்லுங்கள். இரண்டும் அவர் வாசல்தான். நர்சிங், மனோதத்துவம், சமூகப்பணி படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த ஆராய்ச்சி வேலைக்கு அனுப்புங்கள். இப்போதும் ஆள் எடுக்கிறார்கள். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். ஓர் உயிரை எழுப்பி உட்கார வைக்கிற வேலை.

கடைசியாக ஒன்று. முதல் கட்ட ஆராய்ச்சி அறிக்கையை எழுதி முடித்து மஞ்சுளா எனக்கு வாசித்துக் காட்டினாள். நன்றி சொல்லும் பக்கத்தில் "ஊர்ப் பெரியவர் ஒருவர் சுட்டிக்காட்டியபடி" என்று இருக்கிறது. ஒருவராம்! கேட்டால், "வைத்தியம் பார்த்துக்கறவங்க குடும்பத்துப் பேரை வெளிய விடக் கூடாதுங்க ஐயா, அதான் விதி" என்கிறாள். மறைத்து மறைத்துத்தான் அத்தனை மாசங்களைத் தொலைத்தேன். இனி மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. காட்டியது அண்ணாமலையார், அதில் சந்தேகமில்லை. ஆனால் காட்டியதைப் பார்த்த கண் என்னுடையது. சொன்ன வாய் என்னுடையது. ஆகவே அந்தப் பக்கத்தில் வே. ஏழுமலை, நாலாம் வகுப்பு, அடி அண்ணாமலை என்று முழுசாகப் போட வேண்டும். இந்த மலரைப் படிக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் யாராக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதுவதைத் தனம் எட்டிப் பார்த்துவிட்டாள். "எட்டாம் நாள்னு சொன்னது யாரு? என் பேரு எங்க?" என்கிறாள்.

சரி, போடுங்கள். முதலில் என் பெயர், அடுத்து தனம். இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது.