நாலரை அங்குலப் பள்ளம்

"கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல எத்தனை அங்குலம் இருக்கும்? குத்துமதிப்பா சொல்லாதீங்க. போய் அளந்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்."

தையலக்கா லைனிலேயே இருப்பார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு பள்ளிச் சட்டைக்கு ஐந்து பட்டன் தைத்து முடிக்கும்வரை இருப்பார். மறுமுனையில் இருக்கும் ஹோட்டல்காரர்களில் பாதிப் பேர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். இவர் மறுபடி அடிப்பார். ஓர் அறைக்கு மூன்று அழைப்பு. முதலாவது விசாரிக்க, இரண்டாவது பதிவு செய்ய, மூன்றாவது, இரண்டிலும் பேசியதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைக்க. இணையத்தில் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்ததே என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "குழந்தைங்க எத்தனைன்னுதான் அது கேக்குது. குழந்தை எப்படிப் படுக்கும்னு கேக்குதா?"

அவருடைய மூத்தவள் சமமாகப் படுக்க வேண்டும். பதினோரு வயது. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சட்டைக்குள் இடுப்புவரை கெட்டியான பட்டை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்பது மணி நேரம் ரயிலில் போய்ப் பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும். முந்தின நாளே போய்த் தங்கினால்தான் காலை ஏழு மணி வரிசையில் நிற்க முடியும். வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் பத்து மாதம் கடலில். எனவே ஐந்து வயது இளையவனையும் கூட்டிக்கொண்டுதான் போயாக வேண்டும். அவன் தூக்கத்தில் கட்டில் முழுக்க வலம் வருவான், உதைப்பான். அக்காள் பக்கத்தில் அவனைப் போட முடியாது. தையலக்கா கேட்பது இவ்வளவுதான்: மூன்று தனிக் கட்டில், பள்ளம் விழாத மெத்தை, மூத்தவளைத் தூக்கிவிடக் கட்டிலோரம் ஓர் ஆள் நிற்க இடம்.

போனமுறை இதையெல்லாம் போனில் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போனார். கிடைத்தது ஓர் இரட்டைக் கட்டிலும், விரித்தால் படுக்கையாகிற ஒரு சோபாவும். "குழந்தைங்கதானே மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்றார்கள். ரயில் அலுப்பில் இவரும் சரியென்று தலையாட்டிவிட்டார். மறுநாள் காலை சோபாவிலிருந்து அந்தப் பெண்ணால் எழுந்திருக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது டாக்டர் பார்த்த பார்வையை இன்னும் அவரால் மறக்க முடியவில்லை. "ஹோட்டல்காரங்க சொன்னது பெரிசில்ல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதுக்கு என்னைச் செருப்பால அடிச்சுக்கணும்." அன்றிலிருந்து அவர் தையல் கடையில் 'அட்ஜஸ்ட்' என்ற வார்த்தையை வாடிக்கையாளர்கூடச் சொல்ல முடியாது.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. குழந்தையை அழவிட்டுக் கூட்டிப் போ, நல்ல அறை தானாகக் கிடைக்கும் என்பார் ஒருவர். முதுகுப் பட்டை வெளியே தெரிகிற மாதிரி நிறுத்து என்பார் இன்னொருவர். தையலக்கா செய்வது நேர்மாறானது. ஹோட்டல் வாசலில் நின்று, பையனின் முகத்தைத் துடைத்து, தலை வாரிவிடுவார். பட்டை கொஞ்சமும் தெரியாதபடி தானே தைத்த தளர்வான சட்டையின் நுனியை இழுத்துவிடுவார். "என் புள்ள முதுகைக் காட்டிப் பிச்சையா எடுக்கறேன்? ரூம்தானே கேக்கறேன்."

இந்தமுறை மாற்றி வேறொரு ஹோட்டல். மூன்று அழைப்பும் ஆகியிருந்தது. மூன்று கட்டில் போட்ட அறை என்று மூன்று முறையும் சொல்லியிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றால், வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்த ரூம் இல்லைங்க மேடம். உங்ககிட்ட பேசினவர் இன்னைக்கு லீவு" என்றாள். தையலக்கா நோட்டைத் திறந்து மூன்று அழைப்புகளின் நாளையும் நேரத்தையும் வாசித்தார். மேலாளர் வந்தார். தோள் பக்கம் தொளதொளவென்று தொங்கிய கோட்டு, அதற்குமேல் ஒரு புன்னகை. நீங்களே பாருங்கள் என்று இரண்டாவது மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார். அதே இரட்டைக் கட்டில். அதே மாதிரி சோபா.

"குழந்தைங்கதானேங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க."

"பரவாயில்லம்மா," என்றாள் மூத்தவள் மெதுவாக. "நான் தரையில படுத்துக்கறேன்."

பதினோரு வயதுப் பிள்ளை பெரியவர்களின் ஒழுங்கீனத்துக்குப் பரவாயில்லை சொல்லவேண்டியிருக்கிறது. தையலக்கா சோபா முன் மண்டியிட்டார். கழுத்தில் மாலையாகக் கிடந்த இஞ்ச் டேப்பை உருவினார். தரையிலிருந்து சோபாவின் நடுப்பகுதி உயரம் பதினாறு அங்குலம்.

"இப்ப நீங்க உக்காருங்க சார்."

"நானா?"

"நீங்கதானே இதுல படுத்துக்கலாம்னீங்க. நடுவுல உக்காருங்க."

உட்கார்ந்தார். தையலக்கா மறுபடி அளந்தார். பதினொன்றரை.

"நாலரை அங்குலப் பள்ளம். ஒரு சட்டையில நான் அரை அங்குலம் தப்பு பண்ணா துணியை என் மூஞ்சியிலயே வீசிட்டுப் போவாங்க."

"நான் எண்பது கிலோங்க," என்றார் மேலாளர் பரிதாபமாக. "பாப்பா அவ்வளவு கனமாவா இருக்கும்?"

"சரி, பாப்பாவுக்கு ரெண்டு அங்குலம்னே வைங்க. ஆபரேஷன் பண்ண முதுகு ரெண்டு அங்குலம் வளையலாமான்னு நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க. நம்பர் தரேன்."

மேலாளர் நம்பர் வாங்கவில்லை. சோபாவிலிருந்து எழ முழங்காலில் கையூன்ற வேண்டியிருந்தது. அதை இளையவன் பார்த்துச் சிரித்துவிட்டான். அவர் வெளியே போய்ப் போனில் ஏதோ முணுமுணுத்தார். பத்தே நிமிடத்தில் நான்காவது மாடியில் மூன்று கட்டில் போட்ட அறை முளைத்துவிட்டது. காலையிலிருந்து காலியாகவே கிடந்ததாம். யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்களாம். மூன்று முறை சொல்லிவைத்த தாய் இந்த ஊரில் பெரிய மனிதர் கணக்கில் வரமாட்டார் போலிருக்கிறது.

மூத்தவள் நடுக்கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தையலக்கா மெத்தையின் மூன்று இடங்களில் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலாளர் ஒரு தாளோடு வந்தார். புன்னகை பழைய இடத்துக்கு வந்திருந்தது.

"ஒரு கையெழுத்து போடுங்க மேடம். உங்களுக்காக ஸ்பெஷலா அப்கிரேடு பண்ணிக் கொடுத்திருக்கோம். நெட்ல நம்ம ஹோட்டலைப் பத்தி நல்லவிதமா ரெண்டு வரி எழுதிடுங்க."

'சலுகையாக உயர்வகை அறை வழங்கப்பட்டது' என்று தாளில் அச்சாகியிருந்தது. தையலக்கா அதை மேசைமேல் வைத்து நீவினார். தவறாகக் குறித்துவிட்ட துணியில் சாக்குக்கட்டியால் கோடு இழுப்பதுபோல, அந்த வரியின்மேல் பேனாவால் நேராக ஒரு கோடு இழுத்தார். மேலே 'பதிவு செய்த அறை' என்று எழுதி, மூன்றாவது அழைப்பின் நாளையும் நேரத்தையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டார். மேலாளர் தாளை வாங்கக் கை நீட்டினார். அவர் கடைசி எழுத்துவரை படித்து முடிக்கும்வரை தையலக்கா மறுமுனையை விடவில்லை.