சாக்கில் வந்த பழங்கள்

அந்தமானுக்கு நான் வந்தது அறுபதுகளின் நடுவில். கணவருக்குப் போர்ட் பிளேயர் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. நான் கல்லூரியில் இரசாயனம் படித்திருந்ததால், வந்த சில மாதங்களில் டெலானிபூர் மேட்டிலிருந்த அரசு ஆய்வுக்கூடத்தில் எனக்கும் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடம் என்பது பெரிய பேர்தான். தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள், ஒரு தராசு, கொஞ்சம் கண்ணாடிச் சாமான், ஓர் அதிகாரி, நான். லம்பா லைனில் எங்கள் வீடு. பஸ் கிடைத்த நாளில் பஸ், கிடைக்காத நாளில் நடை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை என்பதால் புடவையின் கீழ்விளிம்பு காய்ந்து நான் பார்த்ததே குறைவு.

வேலை பழங்களைச் சோதிப்பது. தீவுகளில் விளையும் பழம், காட்டில் தானாகக் காய்க்கும் பழம், எதில் எவ்வளவு சத்து என்று பட்டியல் போட வேண்டும். சர்க்கரை, புளிப்பு, ஈரம் எல்லாம் பார்ப்போம். எல்லாவற்றையும்விட அலுப்பூட்டியது வைட்டமின் சி சோதனை. பழத்தை அமிலத்தோடு கல்வத்தில் அரைத்து, துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றில் ஒரு நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். சாற்றில் வைட்டமின் இருக்கும்வரை நீலம் மறைந்துகொண்டே வரும். தீர்ந்ததும் இளஞ்சிவப்பு வந்து நிற்கும். எவ்வளவு சாயம் குடித்தது என்பதே கணக்கு. நாவல் மாதிரி நிறமுள்ள பழமென்றால், சாறே சிவப்பாக இருக்கும்; அதில் இளஞ்சிவப்பு எப்போது வந்தது என்று தேடித் தேடிக் கண் பூத்துப்போகும். சாயம் வெளிச்சத்திலும் வெக்கையிலும் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டி கிடையாது. புட்டியைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, ஈரமணல் பானைக்குள் புதைத்து வைத்திருந்தேன். கெட்டுப்போனால் அடுத்த கப்பல் மெயின்லாண்டிலிருந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒருநாள் அதிகாரி ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கோபக்காரர் இல்லை, ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்.

"ரங்கத் பக்கம் குடியேறின ஜனங்க, காட்டுலேருந்து ஏதோ புளிப்புப் பழம் பறிச்சுப் பிள்ளைகளுக்குக் குடுக்கறாங்களாம். அதுல சத்து இருக்கான்னு குடியேற்ற ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. இல்லேன்னா அதையெல்லாம் எடுத்துட்டு ஜாம்ருல் பதியன் குடுக்கலாம்னு யோசனை."

ஜாம்ருல் என்று வங்காளிகள் சொல்வது நம்முடைய பன்னீர் நாவலை. மணி மாதிரி தொங்கும்; பார்க்க அழகு; கடித்தால் வாயெல்லாம் தண்ணீர். மத்திய அந்தமானின் அந்தக் காட்டுப்பழத்துக்கோ தனியாக ஒரு பேர் இல்லை. அங்கே எந்தப் புளிப்புப் பழத்தைக் காட்டினாலும் எல்லாரும் இந்தியில் கட்டா ஃபல் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கேட்டது, அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும் சின்னப் பழம். மஞ்சள் தோலை உரித்தால் உள்ளே மூன்று சுளை இருக்கும்.

பழம் ஒரு சாக்கில் வந்தது. காட்டோரத்தில் பறித்து, படகுத்துறையில் கப்பலுக்காகக் காத்து, மூன்று நாள் கழித்து என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவிழ்த்ததும் புளித்த கள் வாசனை. பாதிப் பழம் நசுங்கியிருந்தது. போதாததற்கு, அதில் ஒரே பழம் இல்லை. கட்டா ஃபல் என்ற பேரில் இரண்டு மூன்று மரத்துப் பழத்தை யாரோ ஒன்றாகப் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

பழம் நசுங்கி நாளானால் வைட்டமின் சி அழிந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். அது முதல் வருஷப் பாடம். 'இந்தப் பழம் சோதனைக்கு லாயக்கில்லை, வேறு அனுப்புங்கள்' என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் என் கணவருக்கு நான்காவது முறையாக மலேரியா. காலையில் அவருக்குக் கஞ்சி வைத்து, மாத்திரை கொடுத்து, நடுங்கும் உடம்பின்மேல் வீட்டிலிருந்த போர்வையெல்லாம் போட்டுவிட்டு மேடேறி வந்திருந்தேன். வேறு சாக்குக்கு எழுதி, அது வந்து, திரும்பவும் அரைத்து, வடிகட்டி, சிவப்பைத் தேடி... நினைக்கவே உடம்பு தளர்ந்தது. நசுங்காததாகப் பொறுக்கி அரைத்தேன். நாலைந்து சொட்டிலேயே இளஞ்சிவப்பு வந்து நின்றுவிட்டது. அப்படியே எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அதிகாரி அதன்மேல், 'குறிப்பிடத்தக்க சத்து இல்லை' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டார்.

பிறகு அதை நான் மறந்தே போனேன்.

இரண்டு வருஷம் கழிந்தது. நட்ட ஜாம்ருல் பதியன்கள் காய்க்கத் தொடங்கிவிட்டன, அவற்றின் தரத்தை அங்கேயே போய்ப் பார்த்துவர வேண்டும் என்று என்னை ரங்கத்துக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக் குழாய்களை வைக்கோலில் பொதிந்து ஒரு மரப்பெட்டியில் எடுத்துக்கொண்டு சின்னக் கப்பலில் போனேன். வழியெல்லாம் வாந்தி. இறங்கியபோது தலை கப்பலோடேயே ஆடிக்கொண்டிருந்தது. குடியேறிகளில் பெரும்பாலானவர்கள் வங்காளிகள். தமிழ்க் குடும்பங்கள் ஐந்தாறு இருந்தன. அவற்றில் ஒரு வீட்டில் நான் தங்க ஏற்பாடு. புருஷன் காட்டிலாகாவில் மரம் வெட்டும் வேலைக்காரர், மனைவி இராமநாதபுரம் பக்கத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டேன்.

வாசலில் இரண்டு ஜாம்ருல் மரம், நிறையக் காய்ப்போடு நின்றன. அக்கா ஒரு தட்டு நிறையப் பறித்து வைத்தாள்.

"தின்னுங்க ஆபீசம்மா. வேர்வைக்கு நல்லாருக்கும். வெறும் தண்ணி, பாணிதான், வேற ஒண்ணும் இல்ல."

"பிள்ளைங்க விரும்பித் தின்னுவாங்களாக்கா?"

"தின்னும். ஆனா சின்னது எந்நேரமும் கட்டா ஃபல் கேட்டு அழுகும். அதுக்குப் பல்லு ஈறுல ரத்தம் வரும். முன்னால வீட்டுக்குப் பொறத்தாலயே ஒரு மரம் நின்னுச்சு. காய்க்கிற மாசம் பூரா பறிச்சுத் திங்கும். மிச்சத்த உப்புப் போட்டு வச்சுக்கிருவோம்."

"இப்ப இல்லையா?"

"வெட்டியாச்சு." சர்வசாதாரணமாகச் சொன்னாள். "ஆபீசர் சாப் ஒருத்தர் கையில காயிதத்தோட வந்தாரு. போர்ட் பிளேயர்ல மிஷின் வச்சுப் பாத்துட்டாங்க, இதுல ஒண்ணும் இல்ல, பேக்கார் மரம், எதுக்கும் ஒதவாது, காட் தோ, வெட்டிருங்கன்னாரு. சர்க்காரு சொன்னாச் சும்மாவா சொல்லும்னு இவுகளும் கோடாலிய எடுத்துட்டாக. பதியன் வைக்க எடமும் வேணுமில்ல."

கையிலிருந்த பழத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். மிஷின் ஒன்றும் இல்லை, இருந்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பயணக் களைப்பு என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடக் கட்டடத்தின் ஓர் அறையில் சாமானைப் பரப்பி ஜாம்ருலைச் சோதித்தேன். இனிப்பு குறைவு, ஈரம் அதிகம், சாயம் கொஞ்சமாகத்தான் குடித்தது. அன்றைக்கு என் வேலை அதோடு முடிந்தது. பெட்டியை மூடியிருக்கலாம். ஏனோ மூடவில்லை. அக்காவிடம் போய், காட்டோரத்தில் இன்னும் கட்டா ஃபல் இருக்குமா என்று கேட்டேன்.

"இருக்கும். எதுக்கு? ஒண்ணும் இல்லன்னு உங்க ஆபீசுலதான பாத்துச் சொன்னாக?"

"ஆமாக்கா. பார்த்தது நான்தான்," என்றேன். "அந்தக் காயிதத்துல இருக்கிறது என் கையெழுத்து."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு வந்தது, நசுங்கியிருந்தது, வேறு கேட்காமல் விட்டது, வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்பது. கடைசியைச் சொல்லும்போது எனக்கே அது சாக்குப்போக்காகக் கேட்டது.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அழுகுனதப் பாத்துட்டு நல்லாருக்கிறத வெட்டச் சொன்னீகளாக்கும்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அரிவாளை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "வாங்க," என்று முன்னால் நடந்தாள்.

ஒரு மணி நேரம் நடந்தோம். அட்டை கடித்து என் கணுக்காலில் ரத்தம் வழிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் மரம் நின்றது. அடியிலிருந்து ஆளுயரம்வரை மஞ்சள் கொத்துகள். ஒரே மரத்துப் பழமாகப் பறித்தோம். கொண்டுபோயிருந்த அமிலத்தில் அங்கேயே உரித்துப் போட்டுப் புட்டியை மூடினேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, அரைத்து, வடிகட்டி, சாயத்தைத் திறந்துவிட்டேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

நீலம் விழுந்தது, மறைந்தது. விழுந்தது, மறைந்தது. குழாயில் ஜாம்ருல் நின்ற கோட்டைத் தாண்டியும் மறைந்துகொண்டே போனது. இளஞ்சிவப்பு வந்து நின்றபோது அதைப்போல நாலைந்து மடங்கு சாயம் இறங்கியிருந்தது. இன்னொரு முறை செய்தேன். அதேதான்.

"இம்புட்டு இருக்கா?" என்றாள் அக்கா.

"நெல்லிக்காய் அளவுக்கு இல்லை. பிள்ளையோட ஈறு இதனாலதான் சரியாகும்னும் என்னால சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில காட்டுங்க. ஆனா இது பேக்கார் மரம் இல்லக்கா."

"அது எனக்கு முன்னாலேயே தெரியும்," என்றாள். கண்ணாடிக் குழாயைக் கழுவத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

திரும்பி வந்ததும் அதிகாரியிடம் புது எண்களை வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா, பழைய ரிப்போர்ட் மெயின்லாண்டுக்கே போயாச்சு. இப்போ போய்த் தப்புன்னு எழுதினா யாருக்குக் கெட்ட பேரு? உனக்குத்தான் முதல்ல."

"தப்பு என்னோடதுதானே சார்."

"நான் வேற அதுல ஒரு வரி சேர்த்திருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் போன பிறகு பண்ணிக்கோயேன்."

நான் சண்டை போடவில்லை. அதற்கான தெம்பும் அப்போது என்னிடம் இல்லை. ஆனால் பழைய சாக்கு வந்து சேர்ந்த கதையையும் புதிய சோதனையையும் ஒரு தாளில் எழுதி, அவர் கண் முன்னாலேயே கோப்பில் கோத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் சாக்கில் நசுங்கி வந்த எதற்கும் நான் எண் எழுதவில்லை. லாயக்கில்லை என்று எழுதித் திருப்பினேன். பட்டியலில் வெற்றுக் கட்டங்கள் கூடின. அவர் அலுத்துக்கொள்வார், நானும் அலுத்துக்கொள்வேன், வேலை நடந்துகொண்டிருந்தது.

அவர் ஓய்வு பெற்றுப் போனபின் வந்தவர் கோப்பைப் படித்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், அந்த மரங்களை வெட்டத் தேவையில்லை என்று நாலு வரியில் ஒரு திருத்தம் அனுப்பினார். நான் அவ்வளவு நாள் பயந்துகொண்டிருந்தது எதுவும் நடக்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அந்த நாலு வரி ரங்கத்தில் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, அதற்குள் எத்தனை மரம் விழுந்திருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு மட்டும் நானே, இரண்டு பழத்தின் கணக்கையும் சொல்லி, தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். பதில் இரண்டு மாதம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையெழுத்தில் வந்தது. காட்டிலிருந்து மூன்று கன்று பிடுங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் நட்டிருக்கிறாளாம், ஒன்றை மான் தின்றுவிட்டதாம், இரண்டு துளிர்த்திருக்கிறதாம். காய்க்க எத்தனை வருஷம் ஆகுமோ, பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிடும் என்று ஒரு வரி. சின்னவளை ஆஸ்பத்திரியில் காட்டியதில் மாத்திரை கொடுத்தார்கள், இப்போது பரவாயில்லை என்று இன்னொரு வரி. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: வாசலில் நிற்கும் ஜாம்ருல் மரங்களில் சத்து இல்லை என்று நீங்கள் சொன்னதால் அவற்றை வெட்டிவிடட்டுமா?

அன்றைக்கே அலுவலகத்தில் உட்கார்ந்து பதில் எழுதினேன். வெட்டாதீர்கள், பிள்ளைகள் விரும்பித் தின்கிறார்கள், நிழலும் இருக்கிறது, யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் வெட்டாதீர்கள் என்று எழுதி, அந்தக் கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டேன். வெளியே நல்ல மழை. கப்பல் புறப்படுவதற்குள் தபால் சேர வேண்டும் என்று, கடிதத்தை மெழுகுத்தாளில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினேன்.