ஏறாத மலையும் எரிந்த வயிறும்

நான் அப்போது சட்டக் கல்லூரியில் புது விரிவுரையாளன். ஜவ்வாது மலைப் பஞ்சாயத்துகளை ஆராய, சிறு ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதினேன். போன வருடம் அதே நிதியைச் சக ஆசிரியர் சபாபதி தட்டிக்கொண்டு போனதில் எனக்கு வயிறு எரிந்தது. "முந்தைய ஆய்வாளர் அடிவாரத்து ஆலங்காயத்தில் நின்றே மலையைப் பார்த்திருக்கிறார்" என்று குத்தலாக ஒரு வரி சேர்த்தேன். நான் அதுவரை ஆலங்காயத்தையே பார்த்ததில்லை!

தபாலில் போடும் முன், ஊர்ப் பெயர்களைச் சரிபார்க்க மலைமேல் இருக்கும் நெல்லிவாசலுக்கு ஏறினேன். சாமைக் கொல்லையில் களை எடுத்த ஒரு அம்மாள், நான் கல்லூரிப் பெயரைச் சொன்னதும், "இன்னா சார், சபாபதி சாருக்குத் தெரிஞ்சவரா? எங்க வூட்லதான் தங்கினாரு. களைகூட எடுப்பாருங்க. நீங்க எடுப்பீங்களா?" என்றார்.

கொப்புளம் வர எடுத்தேன். அந்தக் குத்தல் வரியை அங்கேயே அடித்து நீக்கினேன். மானமும் தப்பியது, நிதியும் வந்தது. சபாபதி பேரில்தான் அந்த வீட்டில் எனக்குக் கூழ் கிடைத்தது என்பது மட்டும் இன்னும் எரிகிறது.

இப்போதெல்லாம் முதலில் மலை ஏறிவிடுகிறேன். பொறாமையை இறங்கும்போது வைத்துக்கொள்கிறேன்.